இருநூற்றுப் பதினாலு மேல்டிவிஷன்

பெயர் வைக்கச் சொன்னால் யாரும் ரொம்ப தூரம் போவதில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில் கிடப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். நாய், வண்டி, பிள்ளை, பிறந்த வருடம்.

யோகப்பிரியாவுக்கு இது வேலை பார்த்துத் தெரிந்த விஷயம். கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட்டில் இருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் கணக்கின் பயனர்பெயரை மறந்துவிட்டுப் போன் செய்வார்கள். பேச்சுக் கொடுத்து அவர்களையே நினைவுபடுத்திக்கொள்ள வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் நாய் உண்டா என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பெயர் வந்துவிடும். மீதிப் பேருக்கு முதல் கார், செத்துப்போன அம்மா, விட்டுப்போன மனைவி. யாரும் ஒளிந்துகொள்வதற்காகப் பெயர் வைப்பதில்லை. தனக்கு மறந்துவிடக் கூடாது என்று வைக்கிறார்கள். தனக்கு மறக்காத ஒன்று, கூடவே குடியிருப்பவனுக்கும் தெரிந்தேதான் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த யோகப்பிரியா தனக்கென்று வைத்தது மாட்டின் பெயரை.

சூரியநெல்லியில், தேயிலைக்கு நடுவே இருக்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் கணக்கும் முன்பதிவும் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு. முதலாளி ஜிஜி அடிமாலியில் இருந்து வாரக்கடைசியில் வந்து போவாள். எங்கிருந்து வந்தாய் என்று ஜிஜி கேட்டதில்லை. கேட்காதவரைக்கும் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

யோகப்பிரியா கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த புருஷன் வீட்டை விட்டு வந்தவள். புருஷன் பிரதீப்புக்கு வயல் இருந்தது, தோப்பு இருந்தது, நல்ல பெயர் இருந்தது. சத்தம் போட்டுப் பேச மாட்டான். கயிற்றைக் குறைப்பான். அவளுக்குச் சீராக வந்த மயிலைப் பசு அங்கே போய்க் கன்று ஈன்றது. கன்று எல்லா இடமும் துள்ளுகிறது என்று கயிற்றைக் குறைத்துக் குறைத்துக் கட்டினான். ஒரு காலையில் அது கழுத்து முறுகிச் செத்துக் கிடந்தது. கன்றின் கழுத்து மணியைக் கழுவி, படுக்கையறைக் கதவில் மாட்டினான். கதவு அசைந்தால் மணி அடிக்கும்.

"சத்தங் கேட்டாத்தான கண்ணு நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியும்? நானும் நிம்மதியாத் தூங்குவேனல்லொ" என்றான்.

தண்ணீர் குடிக்க எழுந்தால் மணி. கழிவறைக்குப் போனால் மணி. அவள் அப்பா ஈஸ்வரமூர்த்தி நேரில் வந்து அந்த மணியைப் பார்த்தார். "பொண்டாட்டி மேல அத்தனை அக்கறை" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். ஒருநாள் பட்டப்பகலில், கதவு திறந்தே கிடந்த நேரம் பார்த்து, அவள் பஸ் ஏறினாள். பிரதீப் அன்று ஒரு ஆள் மூலம் சொல்லி அனுப்பியது ஒரே வரி. கண்டுபிடிச்சு நானே கூட்டிட்டு வருவேன், யாரும் சிரமப்பட வேண்டாம்.

போனை மாற்றினாள், சிம்மை மாற்றினாள். விட முடியாதது ஒன்றுதான். கொல்லங்கோட்டில் இருக்கும் அவள் அம்மா சரஸ்வதியம்மாளின் முகம்.

அம்மாவுக்குப் போனில் சமையல் வீடியோ போடும் ஒரு கணக்கு இருந்தது. இவள்தான் முன்பு தொடங்கிக் கொடுத்தாள். வெளியாள் பார்க்கக் கூடாது என்று அப்பா போட்ட உத்தரவினால் அது பூட்டிய கணக்கு. கேட்டுத்தான் உள்ளே போக முடியும். சரஸ்வதியம்மாளுக்கு யார் கேட்டார்கள் என்று படிக்கத் தெரியாது. நீலப் பொத்தான் தெரிந்தால் அமுக்குவாள். தினம் ஒரு வீடியோ போடுவாள். புளிக்குழம்பு, வாழைப்பூ, பின்னால் தொழுவம். அதில் அரை நிமிடம் அவள் முகம் வரும். அதைப் பார்த்தால் அன்றைக்கு யோகப்பிரியா சாப்பிடுவாள்.

அம்மாவைப் பின்தொடர்கிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற சொந்தக்காரர்கள்தான். அதில் மாப்பிள்ளையும் ஒருவன். புதிதாக ஒரு பெயர் சேர்ந்தால் அவன் கண்ணில் படும். இதை யோகப்பிரியா யோசிக்காமல் இல்லை. அதனால்தான் நாய் வேண்டாம், ஊர் வேண்டாம், பிறந்த வருடம் வேண்டாம் என்று ஒதுக்கி, 'மயிலை_88' என்று வைத்தாள். பசுவின் சாம்பல் நிறத்தைச் சொல்லும் பெயர், எண் வாய்க்கு வந்தது. மாடு வைத்திருக்கிற வீடுகளில் பாதி வீட்டில் ஒரு மயிலை இருக்கும்.

அந்த வாரமே அவளைப் பின்தொடர அனுமதி கேட்டு ஒரு கணக்கு வந்தது. படம் இல்லை, செய்தி இல்லை. பெயர் மட்டும்.

'மயிலை_கன்னுக்குட்டி'.

அழித்தாள். இரண்டாவதாக 'காரி' என்று ஒரு பெயரில் தொடங்கினாள். காரி அவள் பிறந்த வீட்டில் நின்ற கருப்பு மாடு. புருஷன் வீட்டுக்கு வந்ததில்லை. கல்யாணத்துக்கு முந்தியே விற்றுவிட்டார்கள். இந்த முறை பத்து நாள் ஆனது. அனுமதி கேட்டு வந்த கணக்கின் பெயர், 'காரியை_வித்தாச்சு'.

அவன் திட்டி எழுதியிருந்தால் போலீசில் காட்டலாம். மிரட்டியிருந்தால் காட்டலாம். மாட்டின் பெயரை எந்த ஸ்டேஷனில் காட்டுவது?

ஹோம்ஸ்டேயில் அறைகளைக் கூட்டிப் பெருக்குகிற ஆனந்தி, கீழே இருக்கும் எஸ்டேட் லயத்துப் பெண். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓடும் தொழிலாளர் வீடுகள். ஆனந்தி வாய் ஓயாதவள். போர்வை உதறிக்கொண்டே கேட்டாள்.

"என்னக்கா, மூஞ்சி இம்புட்டு நீளமாத் தொங்குது? ஜிஜி சேச்சி வஞ்சாகளா?"

"ஒரு பேரு வேணும் ஆனந்தி."

"யாருக்கு? சொல்லவே இல்ல!" என்று வயிற்றைப் பார்த்தாள்.

"அட, போனுக்கு. புதுசா ஒரு அக்கவுண்டு."

"அதுக்கா மண்டைய ஒடைச்சுக்கிறீங்க? எங்க லயத்துல யாரும் யோசிக்கவே மாட்டோம்க்கா. பேரு, ஆத்தா நம்பரு, டிவிஷன். அம்புட்டுத்தேன். எங்கண்ணன் வேல்முருகன்_214_மேல்டிவிஷன். நான் ஆனந்தி_214_மேல்டிவிஷன். கடைசி வீட்டுப் பாண்டி 188. அவங்க ஆத்தா செத்து ரெண்டு வருசமாச்சு, நம்பரு மட்டும் போன்ல ஓடிக்கிட்டிருக்கு."

ஆத்தா நம்பர் என்றால் அம்மாவின் செக்ரோல் நம்பர், எஸ்டேட் கூலிப் பதிவேட்டில் உள்ள எண். டிவிஷன் என்பது எஸ்டேட்டின் ஒரு பிரிவு. காலையில் ஆள் எடுக்கும்போதும், சாயங்காலம் இலை நிறுக்கும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பர்தான். இருநூற்றுப் பதினாலு என்றால் ஆனந்தியின் அம்மா குருவம்மாள் கூடையோடு முன்னால் வருவாள். பள்ளிக்கூடத்தில்கூட பிள்ளைகளை அந்த நம்பரை வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். எந்த ஆனந்தி? 214 ஆனந்தி. அதனால் போனில் பெயர் கேட்டதும் அந்த லயத்தில் யாருக்கும் வேறொன்று தோன்றவில்லை.

"உங்கம்மா பேருல யாராவது வச்சிருக்கீங்களா?" என்று யோகப்பிரியா கேட்டாள்.

"ஆத்தா வச்சிருக்கது பட்டன் போனு. அதுலயும் பச்சை மட்டுந்தேன் அமுக்கத் தெரியும். எடுத்துக்கங்க. குருவம்மாள்_214_மேல்டிவிஷன். எங்க ஆத்தாளும் கொஞ்சம் உலகத்தைச் சுத்தட்டும்."

சாயங்காலம் குருவம்மாளிடம் முறைப்படி கேட்டார்கள். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"என் நம்பரைப் போட்டா எனக்கு ரெண்டு கிலோ எலை கூட எழுதுவாகளா?"

"எழுத மாட்டாங்கம்மா."

"அப்பச் சும்மாதேன? போட்டுக்கோ தாயி."

யோகப்பிரியாவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அதில் அவளுடையது என்று ஒன்றுமே இல்லை. மாடு இல்லை, ஊர் இல்லை, வீடு இல்லை. இரவு ஷிப்ட்டில் எத்தனை பெயர்களைத் தோண்டியிருக்கிறாள். இதை அவளாலேயே தோண்ட முடியாது என்று நினைத்தாள்.

சரஸ்வதியம்மாள் நீலப் பொத்தானை அமுக்கினாள். அன்றைக்கு வாழைத்தண்டுப் பொரியல். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. அனுமதி கேட்டு யாரும் வரவில்லை. யோகப்பிரியா கொஞ்சம் சதை போட்டாள். கதவைச் சாத்தாமல் தூங்கவும் பழகினாள்.

ஹோம்ஸ்டே வாசலில் ஒரு நாய் கிடக்கும். லயத்து நாய்தான், இங்கே எச்சில் கிடைக்கும் என்று மேலே வந்துவிட்டது. இலை பறிக்கப் போகிறவர்களின் பின்னாலேயே நடந்து, நின்றால் குரைக்கும். அதனால், ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரியைப் போல, அதற்கும் கங்காணி என்று பெயர். விருந்தாளி, பால்காரர், ஜிஜி, தபால்காரர், எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். கையால் சோறு போட்டவர்களைப் பார்த்து மட்டும் குரைக்காது.

அன்று காலையில் இருந்தே மஞ்சு என்கிற மூடுபனி. பத்தடிக்கு அப்பால் தேயிலை இல்லை, உலகமும் இல்லை. மத்தியானம் சின்னக்கானல் ரோட்டில் யானை இறங்கி நிற்கிறது என்று சொல்லி வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். குருவம்மாள் மகளைக் கூட்டிப்போக மேலே வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்தாள். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை அவளால் அடக்க முடியவில்லை.

"ஆனந்தி, உங்காத்தா இப்பப் பெரிய ஆளு தெரியுமா?"

"என்ன, கூட எலை எழுதிட்டாகளா?"

"அதுக்கும் மேல. முந்தாநேத்து எலை நிறுக்குற எடத்துல ஒரு தம்பி நின்னுச்சு. பாலக்காட்டு நம்பர் வண்டி. வெள்ளைச் சட்டை. இருநூத்திப் பதினாலுன்னு கூப்புட்டதும் நான் கூடையத் தூக்கிட்டுப் போறேன், அந்தத் தம்பி என்னையவே பாக்குது. அப்பறமா வந்து, 'ஏனுங்கம்மா, நீங்கதானுங்களா குருவம்மா? உங்க நம்பர போன்ல பாத்தேனுங்க'ன்னு கேக்குது. பேச்சுல அம்புட்டு மரியாதை. என் பேரு பாலக்காடு வரைக்கும் போயிருக்குல்ல!"

யோகப்பிரியா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேற என்னங்கம்மா கேட்டாரு?"

"ஒன்னும் கேக்கல."

"யாராவது பொம்பளையப் பத்தி?"

"இல்ல தாயி. ஒன்னுமே கேக்கல. மழை எப்படி, ஆனை வருமான்னு சும்மா பேசிட்டிருந்துச்சு. என் பின்னாடியே லயம் வரைக்கும் நடந்து வந்துச்சு. கூடையத் தூக்கிட்டு வந்துச்சுன்னா பாத்துக்கோயேன்! நேத்தும் வந்து, லயத்துக்கு எறங்கி வந்த நம்ம நாய்க்கு ரொட்டி போட்டுச்சு. நாய்க்கு என்ன பேருன்னு கேட்டுச்சு. கங்காணின்னேன். சிரிச்சுச்சு."

ஆனந்தி சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அக்கா இந்தப் பக்கத்துக்காரி இல்லை, ஏதோ தகராறில் வந்தவள் என்ற அளவுக்கு அவளுக்குத் தெரியும். மிச்சத்தை யோகப்பிரியா அப்போதுதான் சொன்னாள். நீட்டவில்லை. கன்று, கயிறு, கதவில் மணி. மூன்றையும் சொன்னதும் குருவம்மாள் சாயா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள்.

"எப்பிடிக்கா? உங்க பேரே அதுல இல்லையே?" என்றாள் ஆனந்தி.

யோகப்பிரியா போனை எடுத்தாள். தேடும் இடத்தில் 'மேல்டிவிஷன்' என்று மட்டும் அடித்தாள்.

லயமே வரிசையாக வந்து நின்றது. 214, 188, 97, 231. வேல்முருகன்_214 தன் ஜீப்பின் மேல் ஏறி நின்றிருந்தான். ஜீப்பின் நெற்றியில் சூரியநெல்லி என்று எழுதியிருந்தது. பாண்டி_188 யானை போகிற பாதையை இடம் குறித்தே போட்டிருந்தான். ஆனந்தி_214 இதே சமையலறை ஜன்னலில் சாய்ந்து நின்று எடுத்த படம், மூன்று வாரத்துக்கு முன் போட்டது. பின்னால் அடுப்படியில் ஒரு பெண்ணின் முதுகும் பின்னலும் தெரிந்தன. கொல்லங்கோட்டுச் சமையல்காரியைப் பின்தொடர எஸ்டேட்டில் இருந்து ஒரு குருவம்மாள் எதற்கு என்று அவன் கேட்டிருப்பான். அவ்வளவுதான். மாட்டின் பெயரைக் கேட்டால் ஆயிரம் தொழுவம் இருக்கும். 214 மேல்டிவிஷனுக்கு இருப்பது ஒரே ஒரு வீடு.

"நம்பரு நம்மளுக்கு மட்டுந்தேன் தெரியும்னு நெனச்சுட்டோம்" என்றாள் ஆனந்தி. குரலில் காற்று போயிருந்தது.

போன் கையிலேயே ஒரு முறை அதிர்ந்தது. பின்தொடர அனுமதி கேட்டு ஒரு கணக்கு. படம் இல்லை, செய்தி இல்லை.

'கங்காணி_214_மேல்டிவிஷன்'.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத குருவம்மாளும் பார்த்தாள், எண் மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இது என் நம்பருல்ல?"

யாரும் பதில் சொல்வதற்குள் வெளியே மஞ்சுக்குள் மணிச்சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். நடக்க நடக்க அடிக்கிற மணி. இந்த மேட்டில் யாரும் மாடு வைத்திருக்கவில்லை. லயத்துப் பசுக்களும் இந்தப் பக்கம் ஏறுவதில்லை. சத்தம் படியேறி வந்தது, வாசலில் கொஞ்சம் நின்றது, பிறகு சமையலறைக் கதவை ஏதோ பிராண்டியது.

ஆனந்தி கதவின் இடுக்கு வழியே பார்த்துவிட்டுத் திறந்தாள். நாய் உள்ளே வந்தது. வாயைச் சுற்றி ரொட்டித் தூள். கழுத்தில் கருப்புக் கயிறு, அதில் ஒரு சின்ன வெண்கல மணி, மணிக்குப் பக்கத்தில் ஓரம் உடைந்த ஒரு சோழி. அந்தச் சோழியைக் கோத்துக் கட்டியது யோகப்பிரியாதான். கன்றுக்குக் கண்படக் கூடாது என்று கட்டினாள்.

கயிறு நாய்க்கு இறுக்கமாக இருந்தது. அறுத்து எடுத்தாள்.

ஆனந்தி கதவைத் தாழிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். வேல்முருகன் டூரிஸ்டுகளோடு சின்னக்கானல் ரோட்டில் நின்றான். "ஆனை நடுரோட்டுல நிக்குது ஆனந்தி. முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி. நகர முடியல. கதவைத் தொறக்காதீக" என்றான். ஸ்டேஷனுக்குச் சொன்னார்கள். அவர்களுக்கும் அதே ரோடுதான். யானை விலகினால் வருகிறோம் என்றார்கள்.

"லயத்துல ஆம்பளைக இருப்பாகல்ல?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"மஞ்சுல ஆனை எறங்கியிருக்கு. எவன் மேட்டுக்கு வருவான்?" என்றாள் ஆனந்தி.

"நான் கூப்புட்டா வருவானுக" என்றாள் குருவம்மாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கூப்பிடுவதற்கு வெளியே போக வேண்டும்.

யோகப்பிரியா மணியை மேடையில் வைத்தாள். அவளுக்குப் பயம் தாண்டிப் போய்விட்டிருந்தது. ஒன்று மட்டும் புரிந்தது. ஒவ்வொரு பெயராக மாற்றி அவள் ஒளிந்துகொண்டது அவனிடம் இருந்து அல்ல. அவன் ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டான். மற்ற எல்லாரிடம் இருந்தும்தான் அவள் ஒளிந்திருந்தாள். அவள் இருக்கும் இடம் அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவள் காணாமல் போனால் தேடுவதற்கு ஆளே இருக்காது. அவனுக்கு அது வசதி.

கணக்கைத் திறந்து பெயரை மாற்றும் இடத்துக்குப் போனாள். குருவம்மாளையும் நம்பரையும் அழித்தாள். கட்டம் காலியாக நின்றது. இரவு ஷிப்ட்டில் இந்த இடத்தில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள்.

'யோகப்பிரியா_ஈஸ்வரமூர்த்தி_கொல்லங்கோடு' என்று அடித்தாள். யாரும் வைத்திருக்கவில்லை. கிடைத்துவிட்டது.

கணக்கின் பூட்டை எடுத்தாள். தன் முகத்தைப் படம் எடுத்துப் போட்டாள், பக்கத்தில் மணி தெரியும்படி. கீழே எழுதினாள். நான் சூரியநெல்லியில் இருக்கிறேன். ஹோம்ஸ்டேயின் பெயர் இது. வெளியே நிற்பவர் என் புருஷன் பிரதீப். வண்டி பாலக்காட்டு நம்பர். எனக்கு என்ன நடந்தாலும் அவரைக் கேளுங்கள். இந்த மணியை அவருக்குத் தெரியும், என் அப்பாவுக்கும் தெரியும்.

"எல்லாருக்கும் அனுப்பு" என்றாள்.

ஆனந்தி தன் லயத்துக்கு அனுப்பினாள். 188க்கு, 97க்கு, 231க்கு. ஒவ்வொரு நம்பராகப் போனது. போகிற இடத்தில் எல்லாம் சிக்னல் இருக்கும் என்று சொல்ல முடியாது. யோகப்பிரியா புதுப் பெயரில் இருந்து அம்மாவின் கணக்குக்கு அதை அனுப்பினாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. முகம் தெரியும்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. குருவம்மாள் எழுந்து விறகு வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆனந்தி ஜன்னலைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் வெளியே பார்த்தாள். வெள்ளையாக மட்டும் இருந்தது.

போன் அதிர்ந்தது. அவள் படத்துக்கு முதல் இதயக்குறி விழுந்திருந்தது. போட்டவர் பெயர் கங்காணி_214_மேல்டிவிஷன்.

பெயரைப் பார்த்துவிட்டுத்தான் குறி போட்டிருக்கிறான். ஊர் பார்க்கப் போகிறது என்று தெரிந்துதான் போட்டிருக்கிறான். அது அவனைத் தடுக்குமா, அவசரப்படுத்துமா? யோகப்பிரியாவுக்கு அவனோடு வாழ்ந்த காலம் அதற்குப் பதில் சொல்லவில்லை. கயிறு அறுந்துபோய் அவன் பார்த்ததே இல்லை.

அடுத்து பாண்டி_188 கணக்கில் இருந்து ஒரு வரி வந்தது. அக்கா, வாறோம், ஆனை பாதையில நிக்குது, சுத்தி வாறோம்.

ஆனந்தி அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது, அடுப்போரம் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. காதை நிமிர்த்தியது. எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றது.

"குரைக்கும் பாருங்க" என்று ஆனந்தி மெதுவாகச் சொன்னாள். "யாரா இருந்தாலும் குரைக்கும்."

நாய் குரைக்கவில்லை. கதவைப் பார்த்து வாலை ஆட்டியது.